தபால் ஆபீஸிலிருந்து நாலாவது வீடு

எங்கள் வீதிக்குத் தபால் எத்தனை மணிக்கு வரும் என்று யாராவது கேட்டால் நான் சட்டென்று நேரம் சொல்ல மாட்டேன். இன்றைக்கு என்ன கிழமை, கோயிலில் என்ன விசேஷம் என்று இரண்டு கேள்வி திருப்பிக் கேட்பேன். கேட்டவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். இதைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஸ்ரீரங்கத்துக்கு நான் புதியவள். பிறந்தது முசிறி, வாழ்க்கைப்பட்டது கே.கே. நகர். கணவர் காலமாகி, மகளும் கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போன பிறகு, அந்த வாடகை வீட்டில் நானும் ஒரு ஃபிரிட்ஜும்தான் மிச்சம். ராஜகோபுரத்துக்கு வெளியே ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. கடைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு தேடியபோது கோயிலுக்கு மேற்கே மேல உத்திர வீதியில் ஒரு மாடி போர்ஷன் அமைந்தது. வீட்டுக்கார மாமி கீழே தனியாக இருக்கிறார். வாடகையைச் சொன்ன மூச்சிலேயே வீட்டின் பெருமைகளையும் சொன்னார்.

“மாடியிலேர்ந்து கோபுரம் தெரியும். தண்ணிக்குக் கஷ்டமில்லே. போஸ்ட் ஆபீஸ் நாலு ஆம் தள்ளி.”

எனக்கு யார் தபால் போடப் போகிறார்கள் என்று அப்போது நினைத்தேன். கரன்ட் பில் கூட போனுக்கு வந்துவிடுகிற காலம் இது.

போன வருஷம் மகள் உண்டானாள். இரண்டாவது தடவை. முதல் தடவை எட்டாம் மாதத்தில் குழந்தை போய்விட்டது. மாப்பிள்ளைக்கு வேலை பாலைவனத்துக்குள், எண்ணெய் எடுக்கும் இடத்தில். கொஞ்ச நாள் அங்கே, கொஞ்ச நாள் வீட்டில் என்று மாறி மாறி இருப்பார். அந்த நேரம் பார்த்து அவர் அங்கே மாட்டிக்கொண்டார். என் பெண் ஆஸ்பத்திரியில் யாருமில்லாமல் கிடந்தாள். நான் இங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. முசிறிக்கும் திருச்சிக்கும் போய் வருகிறவளுக்கு எதற்குப் பாஸ்போர்ட்?

ஆகவே இந்தத் தடவை செய்தி கேட்டதும் நான் முதலில் செய்தது பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டதுதான். போலீஸ் விசாரணைக்கு வந்தவரிடம் மாமி எனக்கு நற்சான்று கொடுத்தார். “பூண்டு வாசனை ஒண்ணுதான் சகிக்கலே. மத்தபடி தங்கமான மனுஷி.” அவர் அதையும் எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை. தை பிறந்ததும் என் போனுக்குச் செய்தி வந்தது. பாஸ்போர்ட் அச்சாகிவிட்டது, ஸ்பீட் போஸ்டில் அனுப்பியாகிவிட்டது.

அது கையில் வந்தால்தான் விசா. விசா வந்தால்தான் டிக்கெட். மகளோ தினமும் ஒரே கேள்வி: “வந்துடுவல்லம்மா?” டாக்டர்கள் இந்தத் தடவை கடைசி நாள் வரை காத்திருக்கப் போவதில்லை, எப்போது வேண்டுமானாலும் குழந்தையை எடுத்துவிடுவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கடையில் மத்தியான ஷிஃப்ட். ஒரு மணிக்குப் போனால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவேன். காலை முழுக்க வீட்டில். கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் பை வரும், பிரிப்பார்கள், தபால் கிளம்பும். ஆபீஸிலிருந்து நாலாவது வீடு எங்களுடையது. முதல் தபாலே எனக்குத்தான். ஆதார் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் போஸ்ட்மேன் ஒரு பெண். கண்ணாடி போட்டவள், முப்பது வயதுகூட இருக்காது. அவள் பையை ஸ்கூட்டியில் மாட்டியதைப் பார்த்தேன். வண்டியைக் கிளப்பியதையும் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேர் எதிரே, வடக்கே போனாள். அந்தப் பக்கம் ஏதோ அவசரம் போலிருக்கிறது, முடித்துவிட்டு வருவாள் என்று இருந்தேன். சாதம் வடித்தேன், குழம்பு இறக்கினேன், ஆள் வரவில்லை. கடைக்குக் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் டீ குடிக்கும்போது தபால் எங்கே இருக்கிறதென்று போனில் தேடிப் பார்த்தால், ‘கதவு பூட்டியிருந்தது’ என்று போட்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்று இரவு தூங்கும் வரைக்கும் சூடு குறையவில்லை.

மறுநாள் காலை அவள் வண்டியை எடுக்குமுன் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன்.

“காலையிலேர்ந்து ஜன்னல்லயே உட்கார்ந்திருக்கேன். கதவு பூட்டியிருந்துச்சுன்னு எப்படிப் போட்டீங்க?”

“ரெண்டு மணிக்கு மேல வந்தேம்மா. பெல் அடிச்சேன். பூட்டுத்தான் தொங்குச்சு.”

“நாலு வீடு தள்ளி வர்றதுக்கு ரெண்டு மணியா? முசிறியிலேர்ந்து பஸ்ல வந்தாக்கூட அதுக்குள்ள வந்துடலாமே!”

அவள் பையைக் கீழே வைத்தாள். வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள் என்பது அவள் இடுப்பில் கை வைத்த விதத்திலேயே தெரிந்தது.

“இப்படித் திரும்பினா உங்க வீடுதான் முதல் வீடு. எனக்கும் கண்ணு தெரியுது. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ரெண்டு நாள் அப்படித்தாம்மா போனேன். ஒவ்வொரு வாசல்லயும் நிறுத்தி, ‘ஏம்மா பெருமாளை இடமாச் சுத்தறே’ன்னு கேள்வி. தபாலைக் குடுத்துட்டு புத்திமதி வாங்கிட்டு வர எனக்கு நேரமில்ல. எனக்கு முன்னாடி இருந்தவங்களும் வலமாத்தான் போயிருக்காங்க. நானும் அப்படியே போறேன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோயிலைச் சுற்றியிருக்கிற உத்திர வீதிகள் நான்கும் அவளுக்கு ஒரே சுற்று. கோயில் எப்போதும் வலக்கைப் பக்கமாகவே இருக்கவேண்டும். ஆபீஸிலிருந்து வடக்கே கிளம்பி, வடக்கு வீதி, கீழ வீதி, தெற்கு வீதி எல்லாம் முடித்து மேல வீதிக்குள் தெற்கேயிருந்து நுழைந்தால் கடைசியாக வருவது நாங்கள். வடக்கு வீதிக்காரர்கள் காபியோடு தபால் படிப்பார்கள். கீழ வீதியில் சமையல் முடிகிற நேரம். தெற்கு வீதியில் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரம். எங்களுக்கு அதற்கும் பிறகு. திங்கட்கிழமையென்றால் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்த தபாலும் சேர்ந்துகொண்டு இன்னும் தாமதம். தபால் ஆபீஸுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு தூரம் எங்கள் வீடு.

கோபமாக நின்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டேன். “சரி, இப்பவே குடுங்க. அதோ தெரியுது என் வீடு.”

“இன்னிக்குப் பையில ஏத்தலம்மா, உள்ள பத்திரமா இருக்கு. நாளைக்கு எடுத்துட்டு வரேன். பாஸ்போர்ட்டை இங்க வெச்சுக் குடுக்க மாட்டாங்க. வீட்டுல ஆளைப் பார்த்து, அடையாள அட்டை பார்த்துத்தான் குடுக்கணும். நாளைக்கு மத்தியானம் வீட்ல இருங்க.”

இருந்துவிடுகிறேன் என்று கடைக்குப் போனேன். என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள், சாயங்காலம் ஸ்கூலிலிருந்து அழைத்து வரவேண்டும். தயங்கித்தான் கேட்டேன். “நீங்க காலை ஷிஃப்ட்டை எடுத்துக்குங்கக்கா. புள்ளைங்களை எங்கம்மா பார்த்துக்குவாங்க” என்றாள். ஒரு நாளைக்கு மட்டும் கேட்டேன். பிறகு நான் ஊரில் இல்லாத அத்தனை நாளும் என் வேலையைச் சேர்த்துச் செய்தவள் அவள்தான்.

மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்ததும் சாப்பாட்டைக்கூட மறந்து ஓட்டமும் நடையுமாக வந்தேன். வீதி முனையில் மூங்கில் தடுப்புக் கட்டியிருந்தார்கள். வாசல்களில் தண்ணீர் தெளித்திருந்தது. அன்று கோயிலில் தைத் திருநாள் உற்சவம் தொடங்கியிருந்தது. திருநாள் நடக்கும் நாட்களில் பெருமாள் உத்திர வீதிகளில் எழுந்தருளுவார். மத்தியானமே வீதியில் வண்டி விடமாட்டார்கள். ஆகவே தபால்காரப் பெண் அன்று விடியற்காலையிலேயே ஆபீஸுக்கு வந்து, அவசர அவசரமாகச் சுற்றை முடித்துவிட்டிருந்தாள். என்னை மத்தியானம் இருக்கச் சொன்னபோது அவளுக்கும் திருநாள் நினைவில்லை போலிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அவள் வந்தபோது நான் கடையில் இருமல் மருந்து விற்றுக்கொண்டிருந்தேன். மாமியிடம் கேட்டிருந்தால் திருநாள் என்று சொல்லியிருப்பார். எனக்குத் தோன்றினால்தானே! இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது மூச்சு மாதிரி. எனக்கு அன்று வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான். மாமியும் காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டார்.

போனில் மறுபடியும் அதே வாசகம். கதவு பூட்டியிருந்தது.

படியிலேயே உட்கார்ந்தேன். அப்போது பார்த்து மகள் கூப்பிட்டாள். டாக்டர் அடுத்த வாரத்தைப் பற்றிப் பேசுகிறார் என்றாள். “நீ மெதுவா வாம்மா, நான் பார்த்துக்கறேன்” என்றாள். பயமாயிருக்கிறது என்று அவள் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

செருப்பைக்கூட மாட்டாமல் தபால் ஆபீஸுக்குப் போனேன். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தேன். மேஜைக்குப் பின்னால் அதிகாரி பையில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கொடுக்க முடியாமல் திரும்பி வந்த தபால்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆள் இருக்கிற நேரமாப் பார்த்து வர மாட்டேன்னு சபதம் எடுத்திருக்கீங்களா?”

அவள் நிமிர்ந்து தன் போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். “உங்க நம்பர்தானே இது? உங்க வாசல்ல நின்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். ரெண்டு தடவையும் கட் பண்ணிட்டீங்க.”

உண்மைதான். கடையில் கூட்டமாக இருந்தபோது தெரியாத நம்பர் ஒன்று கூப்பிட்டது. தெரியாத நம்பரை எடுக்காதே என்று என் மகளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

“லோன் வேணுமான்னு கேட்கிறவங்கன்னு நெனச்சேன்.”

“என் குரலைக் கேட்டா அப்படியா இருக்கு?”

“எடுத்தாத்தானேம்மா குரல் கேட்கும்” என்றார் அதிகாரி, தலையைத் தூக்காமலேயே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது என்ன செய்வது என்று கேட்டேன். ரெண்டு தடவை பூட்டியிருந்ததால் ஆள் இல்லை என்று எழுதி நாளைக் காலைப் பையில் பாஸ்போர்ட் ஆபீஸுக்கே திருப்பி அனுப்பிவிடவேண்டும், பிறகு அங்கே போய்த்தான் வாங்கவேண்டும் என்றாள். அங்கே எத்தனை நாளாகும் என்று கேட்க வாயெடுத்தேன். சண்டை போடுவதற்காக வந்தவள், மகள், பிரசவம், போன தடவை, பாலைவனம் என்று முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தபோது முந்தானை முழுக்க நனைந்திருந்தது.

அவள் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தாள். “இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா.”

அதுவரைக்கும் நான் அம்மா. அந்த நிமிஷத்திலிருந்து அக்கா.

அவள் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். “சார், அந்தக் கவரைத் திரும்ப எனக்கு இஷ்யூ பண்ணிக் குடுங்க. இன்னும் நாளு முடியலையே. போயிட்டு வந்துடறேன்.”

அவர் தோளில் மாட்டிய பையோடு நின்றார். கடியாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பையை இறக்கிவைத்துவிட்டு, அணைத்திருந்த கம்ப்யூட்டரை மறுபடி போட்டார். அது உயிர் பெற்று எழ நெடுநேரம் எடுத்துக்கொண்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். அணைத்த கம்ப்யூட்டரை முன்பின் தெரியாத ஒருத்திக்காகத் திரும்பப் போடுவது சின்ன விஷயமில்லை. கடையில் பில் போடுகிற மெஷினை மூடிய பிறகு வருகிற ஆளை நான் என்ன பார்வை பார்ப்பேன் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெரியவருக்கு நான் எந்நாளும் கடமைப்பட்டவள்.

கவர் அவள் பைக்குள் போனது. நான் கையை நீட்டினேன். அவள் தலையசைத்தாள்.

“இங்க வேணாம். நீங்க முன்னாடி போங்க. வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குங்க.”

“எதுக்கு?”

“விலாசத்துல ஆள் இருக்காங்களான்னு நான் பார்க்க வேணாமா?”

நான் ஓடினேன். இந்த வயதில், வெறுங்காலோடு, ஈரக் கோலங்களைத் தாண்டி உத்திர வீதியில் ஒரு பெண்பிள்ளை ஓடினால் யார் என்ன நினைப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ஆதாரைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். பெண் பார்க்க வந்தபோதுகூட நான் இப்படிக் கதவுக்குப் பின்னால் காத்து நின்றதில்லை.

பெல் அடித்தது. திறந்தேன்.

“உங்க பேரு?” என்று கேட்டாள், என்னை அன்றுதான் பார்க்கிறவள்போல. சொன்னேன். ஆதாரை வாங்கிப் படத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அந்தப் படத்தை வைத்து என்னை அடையாளம் கண்டால் அது அவள் சாமர்த்தியம்தான். போனை நீட்டி, விரலால் கையெழுத்துப் போடச் சொன்னாள். மண்புழு ஊர்ந்த மாதிரி ஒரு கோடு விழுந்தது. அதுவே போதும் என்றாள். பிறகு கவரை இரண்டு கையாலும் கொடுத்தாள்.

“பிரிச்சுப் பாருங்க. பேரு, பிறந்த தேதி எல்லாம் சரியான்னு.”

எனக்குக் கண் மறைத்தது. அவளே பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது. காபி போடுகிறேன் என்றேன். வேண்டாமென்று படியிறங்கினாள். நானும் கூடவே இறங்கினேன்.

கோயிலிலிருந்து திரும்பிய மாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் வந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கவேண்டும். அவளையும் அவள் வந்த திசையையும் பார்த்தார்.

“ஏன்டிம்மா, இந்தப் பக்கமாவா வந்தே?”

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும், மாமி.”

மாமி என் முகத்தைப் பார்த்தார். கையில் என்ன இருக்கிறதென்றும் பார்த்தார். என் பெண்ணின் கதையெல்லாம் அவருக்குத் தெரியும். “பெருமாளே வீதிவீதியா எல்லாரையும் தேடிண்டு வரார்” என்றார். “நீ நாலு ஆம் தூரம் எப்படி வந்தா என்ன, போ. ஒண்ணும் ஆகாது.” அவளுக்குப் பிரசாதத்திலிருந்து ஒரு துளி எடுத்துக் கையில் வைத்தார். எனக்கு மீதி.

அவளுக்கு அன்று நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. மஸ்கட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் முசிறியிலிருந்து வந்த தாரில் நல்லதாக ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு போனேன். “லஞ்சமாக்கா?” என்று கேட்டாள். “வேலை முடிஞ்சப்புறம் குடுத்தா அது லஞ்சமில்ல” என்றேன். அப்போதுதான் அவளைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்தேன். ஊர் மருங்காபுரிப் பக்கம், எஞ்சினியரிங் படித்தவள், பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்திருக்கிறாள். மழை இல்லாத காட்டில் அப்பா கடலை போட்டிருக்கிறாராம். அவளுக்கு நல்லது நடக்கவேண்டும் என்று நான் வேண்டாத நாளில்லை. இப்போது எங்கள் வீட்டுக்கு எப்போது வருவாள் என்று எனக்கு அத்துப்படி. எனக்குத் தபாலே இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு ஒரு டம்ளர் மோர் வாசலுக்கு இறங்கிவிடும்.

விசா சீக்கிரம் வந்தது. திருச்சியிலிருந்தே விமானம். வாழ்க்கையில் முதல் தடவை. ஜன்னலோர இடம் கொடுத்தார்கள். நான் காவிரியைக்கூடப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை மகளுக்கு வலி எடுத்தது. மாப்பிள்ளை பாலைவனத்தில் இருந்தார். அவரை வரச்சொல்லிவிட்டு, டாக்ஸி பிடித்து, நான்தான் அழைத்துப்போனேன். பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்றார்கள். அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. குழந்தை பிறந்ததும் திரைக்கு அந்தப் பக்கம் எடுத்துப்போனார்கள். என் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வீல் என்று ஒரு அழுகை. அதற்குப் பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“அம்மா, அழுவுறது நம்மளதா? பக்கத்து ரூமா?”

நான் நின்ற இடத்திலிருந்து திரையின் இடைவெளியில் தெரிந்தது. செக்கச்செவேல் என்று, இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு.

“நம்மளதுதான்டி” என்றேன். “நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்.”